சான்று எங்கே? – கேள்வி-பதில்

இரண்டு இதழ்களுக்கு முன் தில்லை நகர் மாணவி ஒருவர் எழுதியிருந்தார்: தமிழ் விக்கிப்பீடியாவில் 'மரைனர் 2' விண்கலத்தைப் பற்றி நல்ல கட்டுரை ஒன்று வேண்டும், நான் எழுதுகிறேன், துணைக்கு வருவீர்களா என்று. வருகிறேன் என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு வந்த தபாலில் பாதிக்கு மேல் அதைப் பற்றியேதான். அதனால் இந்த வாரம் சினிமாவுக்கும் அரசியலுக்கும் விடுமுறை.

கல்லூரி மாணவி, தில்லை நகர்: உட்கார்ந்துவிட்டேன். முதல் வரியே வரவில்லை. எப்படித் தொடங்குவது?

என்ன, யாருடையது, எப்போது, எதனால் பெயர் பெற்றது. இந்த நான்கும் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். 'மரைனர் 2, அமெரிக்காவின் நாசா 1962 ஆகஸ்ட் 27 அன்று ஏவிய விண்கலம். வேறொரு கோளை நெருங்கிக் கடந்து, அங்கிருந்து தகவல் அனுப்பிய முதல் கலம் இதுவே.' இதில் 'தகவல் அனுப்பிய' என்ற இரண்டு சொற்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை எடுத்துவிட்டால் வரி பொய்யாகிவிடும். ஏன் என்று கேட்டால் அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

ஓய்வு பெற்ற ஊழியர், உறையூர்: வெள்ளிக்கு முதலில் போனவன் ரஷ்யாக்காரன் அல்லவா? அமெரிக்காவுக்கு ஏன் பட்டம் கட்டுகிறீர்கள்?

உங்கள் நினைவு சரி. சோவியத் ஒன்றியத்தின் வெனேரா 1, 1961 பிப்ரவரி 12 அன்று கிளம்பியது. அந்த மே மாதத்தில் வெள்ளிக்குச் சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்து போனது. ஆனால் கிளம்பி ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே அதன் குரல் நின்றுவிட்டது. ஊமையாகத்தான் வெள்ளியைக் கடந்தது. மரைனர் 2 போய்ச் சேர்ந்தது, பார்த்தது, சொல்லவும் செய்தது. ஆகவே 'வெள்ளியைக் கடந்த முதல் கலம்' வெனேரா 1; 'கடந்து, தகவல் சொன்ன முதல் கலம்' மரைனர் 2. இரண்டு பேருக்கும் அவரவர் இடம் உண்டு. 'முதல்' என்ற சொல்லை எங்கே எழுதினாலும் 'எதில் முதல்?' என்று உடனே கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

வாசகி, ஸ்ரீரங்கம்: 1962-ல் எனக்கு எட்டு வயது. மார்கழி விடியலில் அம்மா மண்டபப் படித்துறைக்குப் போகிற வழியில் பாட்டி கிழக்கே வெள்ளியைக் காட்டியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்தக் கலம் போனது அதே வெள்ளிக்கா?

அதே வெள்ளிக்குத்தான் அம்மா. இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னை வெகுநேரம் உட்கார வைத்தது உங்களுடையது.

அந்த வருடம் நவம்பர் 12 வாக்கில் வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் நடுவே புகுந்து, மாலை வானத்தை விட்டு விடியல் வானத்துக்கு வந்தது. டிசம்பர் நடுவில் கிழக்கே அதன் ஒளி உச்சத்தை நெருங்கியிருந்தது. உங்கள் பாட்டி காட்டியது அந்த விடிவெள்ளியைத்தான். மரைனர் 2 அதை மிக நெருங்கியது டிசம்பர் 14, உலக நேரப்படி இரவு ஏறக்குறைய எட்டு மணி. நமக்கு அது டிசம்பர் 15, பின்னிரவு ஒன்றரை மணி. சித்திரை வீதிகளும் உத்தர வீதிகளும் உறங்கிக்கொண்டிருந்த நேரம். அதற்குச் சில மணி நேரம் கழித்து வெள்ளி கிழக்கே எழுந்தபோது, மனிதன் கையால் செய்த ஒரு பொருள் அதன் பக்கத்தில் 34,773 கிலோமீட்டர் வரை போய்விட்டு, தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மார்கழி பிறக்கும் தறுவாய். திருப்பாவையின் பதின்மூன்றாம் பாட்டில் வெள்ளி எழுந்ததையும் வியாழன் அடங்கியதையும் ஆண்டாள் சொல்கிறாள். அந்தப் பாட்டைப் பாடியபடி பிரகாரம் சுற்றியவர்கள் தலைக்கு மேல் அந்த வருடம் நடந்தது இது.

இதையெல்லாம் கட்டுரையில் எழுத முடியாது, உங்கள் பாட்டிக்கு அங்கே இடமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தால் கட்டுரைக்கு ஒரு லாபம் உண்டு. தேதி 14-ஆ, 15-ஆ என்று இனி எந்தத் தமிழ் வாசகரும் குழம்பாமல் இருக்க, 'உலக நேரப்படி டிசம்பர் 14. இந்திய நேரப்படி டிசம்பர் 15 அதிகாலை' என்று இரண்டையும் தரலாம்.

பிளஸ் டூ மாணவர், புத்தூர்: மரைனர் 2 எடுத்த வெள்ளியின் புகைப்படத்தைக் கட்டுரையில் சேர்க்கலாமா?

அதில் கேமராவே கிடையாது. வெள்ளியை அது கண்ணால் பார்க்கவில்லை, வெப்பத்தால் தடவிப் பார்த்தது. நுண்ணலை வாங்கும் கருவி ஒன்று கோளின் நடுவையும் விளிம்பையும் அளந்து, அந்தச் சூடு மேலே உள்ள மேகத்திலிருந்து வரவில்லை, தரையிலிருந்தே வருகிறது என்று காட்டிக்கொடுத்தது. அதுவரை வெள்ளியில் சதுப்பு நிலம் இருக்கும், கடல் இருக்கும் என்றெல்லாம் எண்ணியவர்கள் உண்டு. அந்தக் கற்பனை அத்தோடு போயிற்று. அங்கே நானூறு டிகிரி செல்சியசுக்கு மேல்.

கலத்தின் படம் வேண்டுமானால் நாசாவின் படங்களில் தேடுங்கள், பெரும்பாலும் உரிமைத் தடை இராது. ஓவியமாக இருந்தால் 'ஓவியரின் கற்பனை' என்று அடியில் எழுத மறக்க வேண்டாம்.

மின்பொருள் கடைக்காரர், சாஸ்திரி சாலை: அவ்வளவு தூரத்திலிருந்து பேச எவ்வளவு கரண்ட் செலவாகியிருக்கும்?

மரைனர் 2-இன் ஒலிபரப்பி மூன்று வாட். உங்கள் கடையில் இரவு விளக்கு விற்பீர்களே, அந்த அளவு. அதை வைத்துக்கொண்டுதான் சுமார் 5.8 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பேசியது. கேட்கும் பக்கம் பிரம்மாண்டமான தட்டு ஆண்டெனாக்கள் காது கொடுத்து நின்றன. வழியில் சூரியத் தகடு ஒன்று செயலிழந்தது. அதற்குள் கலம் சூரியனை நெருங்கிவிட்டதால் மிச்சமிருந்த தகடே போதுமானதாயிற்று. 203 கிலோ எடை, 109 நாள் பயணம். 1963 ஜனவரி 3-க்குப் பிறகு அதனிடமிருந்து சத்தம் இல்லை. கட்டுரைக்கு உயிர் தருகிறவை இந்த மாதிரி எண்கள்தான். 'மிகச் சிறந்த தொழில்நுட்பம்' என்று பத்து முறை எழுதுவதைவிட 'மூன்று வாட்' என்று ஒரு முறை எழுதுங்கள்.

பிழை திருத்துநர், மலைக்கோட்டைப் பகுதி: மரைனர் 2 சரி, மரைனர் 1 என்ன ஆயிற்று?

உங்கள் தொழிலுக்கே உரிய கதை. 1962 ஜூலை 22 அன்று கிளம்பி ஐந்து நிமிடம் ஆகுமுன் பாதை தவறியது. யார் தலையிலும் விழுந்துவிடக் கூடாது என்று தரையிலிருந்தே வெடிக்கச் செய்தார்கள். காரணங்களில் ஒன்று, வழிகாட்டும் கணக்கை எழுதியபோது விடுபட்ட சிறு கோடு. அது இடைக்கோடு என்பார் உண்டு, எழுத்தின் தலைக்கு மேல் இடும் கோடு என்பாரும் உண்டு. கட்டுரையில் இரண்டையும் அவரவர் சான்றோடு எழுதலாம். ஓர் ஒற்று விட்டால் பொருளே மாறிவிடும் என்று நாம் சொன்னால் சிரிக்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்தக் கோட்டை உடனே சரிசெய்து, தயாராக இருந்த இரட்டைக் கலத்தை 36 நாளில் அனுப்பினார்கள். அதுதான் மரைனர் 2.

இல்லத்தரசி, தில்லை நகர் 7-ஆவது குறுக்குத் தெரு: ஏன் 36 நாளில் அவ்வளவு அவசரம்? ஆற அமர அனுப்பியிருக்கலாமே?

முகூர்த்தம் தவறினால் அடுத்த முகூர்த்தம் வரை காத்திருக்க வேண்டும் அல்லவா, அதேதான். பூமியும் வெள்ளியும் அதே நிலைக்குத் திரும்பி வர ஏறக்குறைய 19 மாதம் ஆகும். செவ்வாய்க்கு 26 மாதம். ஏவுவதற்கு ஏற்ற சில வாரங்களை விட்டால் இருக்கிற ராக்கெட்டின் பலம் போதாது. அதனால்தான் ஒன்று போனால் ஒன்று என்று கலங்களை இரட்டையாகச் செய்தார்கள்.

தட்டச்சு நிலைய உரிமையாளர், சாலை ரோடு: ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டால் ஒரு நிமிடத்தில் தமிழ் வந்துவிடுகிறதே! இவ்வளவு பாடு எதற்கு?

அப்படி வந்த வரி ஒன்றை ஒரு வாசகர் அனுப்பியிருக்கிறார்: விண்கலம் 'பேருந்தின் மேல் கட்டப்பட்டது' என்று இருக்கிறது. பொறியாளர்கள் 'பஸ்' என்று சொல்வது கலத்தின் அடிப்படைச் சட்டகத்தை. மின்சாரம், கணினி, எரிபொருள் எல்லாம் அதில்தான் இருக்கும், அறிவியல் கருவிகளை அதன் மேல் பொருத்துவார்கள். செவ்வாய்க்குப் போன நம் மங்கள்யானும் இஸ்ரோவின் 'ஐ-1கே' என்ற அப்படியொரு சட்டகத்தின் மேல் உருவானதே. இது தெரிந்த ஆள் எழுதினால் 'சட்டகம்' என்று வரும். தெரியாத பெட்டி எழுதினால் சத்திரம் பேருந்து நிலையம் நினைவுக்கு வரும்.

மென்பொருளை அகராதி போல வைத்துக்கொள்ளுங்கள், தவறே இல்லை. ஆனால் ஒரு பத்தியைப் படித்து, மூடி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதிப் பாருங்கள். தமிழ் தானாக வரும்.

வங்கி ஊழியர், தில்லை நகர்: என் மாமா இஸ்ரோவில் இருந்தவர். மங்கள்யான் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லாத பல விஷயங்கள் சொல்வார். சேர்க்கலாமா?

கூடாது. மாமா பொய் சொல்கிறார் என்பதற்காக அல்ல. நாளை அதைப் படிக்கும் ஒருவர் மாமாவின் வீட்டுக் கதவைத் தட்டி உறுதி செய்துகொள்ள முடியாது என்பதற்காக. யார் வேண்டுமானாலும் தேடிப் பிடித்துச் சரிபார்க்கக் கூடிய, அச்சிலோ இணையத்திலோ வெளியான சான்று வேண்டும். இதை விக்கிப்பீடியாவில் 'மெய்யறிதன்மை' என்கிறார்கள், அழகான சொல்.

அதற்காக மாமாவை விட்டுவிடாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்து, கேள்வி கேட்டு, பதிவு செய்து, ஒரு பத்திரிகைக்குக் கட்டுரையாகக் கொடுங்கள். ஆசிரியர் சரிபார்த்து வெளியிட்டால், பிறகு வேறொருவர் அதைச் சான்றாகக் காட்டுவார். இஸ்ரோவில் உழைத்து ஓய்வு பெற்ற எத்தனையோ தமிழர்களின் நினைவு அவர்களோடேயே போய்விடுகிறது. எனக்கு அது பெரிய வருத்தம்.

ஆட்டோ ஓட்டுநர், தில்லை நகர்: மங்கள்யான் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாயில் போயிற்றாம். என் மீட்டரைவிடக் குறைவு என்று சவாரிகள் சொல்கிறார்கள். கட்டுரையில் இது வரலாமா?

கணக்கு சரிதான்: 450 கோடி ரூபாய் செலவு, சுமார் 65 கோடி கிலோமீட்டர் பயணம், வகுத்தால் ஏழு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 2014-ல் பிரதமர் மேடையில் சொன்னதால் ஊரெங்கும் பரவியது. ஆனால் ஒப்பீடு உங்களுக்கு நியாயமில்லை. நீங்கள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எரிபொருள் எரிக்கிறீர்கள், பள்ளத்தில் இறங்கி ஏறுகிறீர்கள். மங்கள்யான் பூமியின் பிடியை விட்டதும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஏறத்தாழ 300 நாள் தன் போக்கில் மிதந்தே போனது. கட்டுரையில் 'இன்னார் இப்படி ஒப்பிட்டார்' என்று சான்றோடு ஒரு வரி போதும். 450 கோடி என்ற எண்தான் முக்கியம், அது முன்னால் நிற்கட்டும். அடுத்த சவாரி கேட்டால் இந்தப் பதிலைச் சொல்லுங்கள்.

பட்டதாரி ஆசிரியர், திருவானைக்காவல்: மங்கள்யானின் கோளாறுகளையெல்லாம் கட்டுரையில் எழுதினால் நாட்டுக்கு மரியாதைக் குறைவில்லையா?

எழுதாமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு. 2013 நவம்பர் 5 பிற்பகல் 2.38-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-25 கிளம்பியது. செவ்வாய் வரை ஒரே எட்டில் தள்ள அந்த ராக்கெட்டுக்குப் பலம் கிடையாது. அதனால் ஊஞ்சலை ஆட்டி ஆட்டி உயரம் ஏற்றுவதுபோல, பூமியைச் சுற்ற வைத்துச் சுற்றுப்பாதையைப் படிப்படியாக நீட்டினார்கள். நவம்பர் 11 அன்று நான்காவது முறை தள்ளியபோது எரிபொருள் பாய்வது நின்றுபோனது. பாதையின் எட்ட முனை ஒரு லட்சம் கிலோமீட்டருக்குப் போக வேண்டியது, 78,276-லேயே நின்றது. மறுநாள் விடிவதற்குள் காரணத்தைப் பிடித்து, மீண்டும் இயந்திரத்தை இயக்கி, 1,18,642 கிலோமீட்டருக்கு ஏற்றினார்கள்.

இந்த இரண்டு நாட்களை வெட்டிவிட்டு 'வெற்றிகரமாக ஏவப்பட்டது' என்று மட்டும் எழுதினால், அந்த இரவு கண் விழித்தவர்களின் வேலையையே மறைக்கிறோம். பத்து மாதம் தூங்கிய அதே இயந்திரம் எழுமா என்று 2014 செப்டம்பர் 22 அன்று நான்கே வினாடி இயக்கிப் பார்த்ததும் அப்படித்தான். எழுந்தது. செப்டம்பர் 24 காலை செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் சுப்பையா அருணன் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நவம்பர் 11-லிருந்து தொடங்குங்கள்.

கல்லூரி மாணவர், தில்லை நகர்: 'முதல் முயற்சியிலேயே செவ்வாயை எட்டிய ஒரே நாடு இந்தியா' என்று எழுதினேன். 'சான்று தேவை' என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

குத்தியது நியாயம். 2014-ல் 'முதல் முயற்சியிலேயே செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்த முதல் நாடு' என்பது சரி. ஐரோப்பிய விண்வெளி முகமையின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் 2003-லேயே தன் முதல் முயற்சியில் அடைந்திருக்கிறது; அது நாடல்ல, பல நாடுகளின் அமைப்பு. 'ஒரே' என்பது 2021 பிப்ரவரி 9-ஆம் தேதியோடு செல்லாமல் போயிற்று. அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் 'நம்பிக்கை' கலம் முதல் முயற்சியிலேயே போய்ச் சேர்ந்தது. 'ஒரே' என்பதை 'முதல்' என்று மாற்றுங்கள், சான்று காட்டுங்கள், முத்திரை போய்விடும். பெருமை அப்படியே இருக்கும்.

ஏழாம் வகுப்பு மாணவர், தென்னூர்: மங்கள்யான் இப்போதும் சுற்றுகிறதா?

நல்ல கேள்வி தம்பி. ஆறு மாதம் உழைத்தால் போதும் என்று செய்தார்கள், ஏழரை வருடம் உழைத்தது. 2022 ஏப்ரலில் தொடர்பு போனது, அந்த அக்டோபரில் இனி மீளாது என்று இஸ்ரோ அறிவித்தது. பேச்சு மூச்சு இல்லாமல் செவ்வாயைச் சுற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும். வீட்டில் யாரிடமாவது பழைய 2,000 ரூபாய் நோட்டு நினைவுக்கு மிஞ்சியிருந்தால் பின்பக்கம் திருப்பிப் பார். சிறகு விரித்த மாதிரி ஒரு பக்கம் சூரியத் தகடு, கூடவே தட்டு ஆண்டெனா. அதுதான்.

வாசகர், வயலூர் சாலை: மரைனரா, மாரினரா, மேரினரா?

ஒன்றைத் தலைப்பாக வையுங்கள், மற்றவற்றை வழிமாற்றாகக் கொடுங்கள். மூன்று பேர் மூன்று விதமாகத் தேடினாலும் ஒரே வீட்டு வாசலுக்கு வந்து சேர வேண்டும்.

தனியார் நிறுவன அலுவலர், தில்லை நகர்: நாள் முழுக்க உழைத்து நான் சேர்த்த பத்தியை ஒரு மணி நேரத்தில் யாரோ நீக்கிவிட்டார்கள். இனி எழுதவே மாட்டேன்.

கோபம் புரிகிறது. கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த பத்தியைப் படித்தேன். ஒரு நாளிதழ்ச் செய்தியிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்திருக்கிறீர்கள். அது அவர்கள் உடைமை, அதை இங்கே வைக்க முடியாது. அதே தகவலை உங்கள் சொற்களில் எழுதி, அந்தச் செய்தியைச் சான்றாகக் காட்டினால் நிற்கும். பேச்சுப் பக்கத்தில் போய் 'ஏன் நீக்கினீர்கள்?' என்று மரியாதையாகக் கேளுங்கள், பதில் வரும். எதிரில் இருப்பவரும் சம்பளமில்லாமல் தூக்கம் கெட்டு உழைக்கிறவர்தான்.

வணிகர், தில்லை நகர் மெயின் ரோடு: நம்ம திருச்சிக்கும் கோள்களுக்கும் என்ன சம்பந்தம்?

1888-ல் திருவானைக்காவலில் பிறந்தவர் சர் சி.வி. ராமன். ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அந்தப் பொருளின் அடையாளத்தைச் சொல்லும் என்று கண்டார், உலகம் அதை ராமன் விளைவு என்கிறது. 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி, அந்த விளைவை வைத்தே அங்குள்ள பாறைகளை ஆராய்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்த ஒருவரின் பெயர் கொண்ட ஆய்வுமுறை செவ்வாய் மண்ணில் வேலை செய்கிறது. போதுமா?

மென்பொருள் பொறியாளர், தில்லை நகர்: எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே. தமிழில் எதற்கு?

1954-லிருந்து 1968 வரை, பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது. அப்போதும் ஆங்கிலத்தில் எல்லாம் இருந்தது. ஆங்கிலத்தில் இருப்பதாலேயே தமிழில் வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா முளைத்தபோது, இலங்கையைச் சேர்ந்த மயூரநாதன் ஏறக்குறைய தனியாளாக உட்கார்ந்து கட்டுரை கட்டுரையாகத் தொடங்கினார். 2017-ல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. தூரன் காலத்தில் அச்சேறிய பிழை அடுத்த பதிப்பு வரை அப்படியே கிடக்கும். இன்று நீங்கள் பார்க்கிற பிழையை இன்றிரவே திருத்தலாம்.

மேலே கேள்வி கேட்ட தென்னூர்ப் பிள்ளை தமிழில் படிக்கிற பிள்ளை. 'மங்கள்யான் இப்போதும் சுற்றுகிறதா' என்று அவன் தேடினால், அவன் மொழியில், சரியான விடை கிடைக்க வேண்டும். ஆங்கிலம் கற்ற பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்று ஏழாம் வகுப்பின் ஆவலைப் பத்து வருடம் காக்க வைக்க முடியாது. அதற்குள் அது அணைந்துவிடும்.

வாசகி, தில்லை நகர் 10-ஆவது குறுக்குத் தெரு: எனக்கு இன்றிரவு அரை மணி நேரம்தான் கிடைக்கும். விண்வெளி பற்றி ஒன்றும் தெரியாது. என்ன செய்யட்டும்?

ஏதாவது ஒரு விண்கலக் கட்டுரையைத் திறங்கள். 'தற்போது', 'இன்றுவரை', 'சமீபத்தில்' என்ற சொற்களைத் தேடுங்கள். எழுதியவருக்கு அது தற்போது, படிப்பவருக்கு எட்டு வருடப் பழசு. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வருடத்தைப் போடுங்கள். அந்த வருடத்தை எங்கே பார்த்தீர்களோ அதைச் சான்றாகக் கீழே சேருங்கள். ஒரு முறை படித்துப் பார்த்து வெளியிடுங்கள். பதினைந்து நிமிடம் ஆகும். மீதிப் பதினைந்து நிமிடத்தில் இன்னொரு கட்டுரையைத் திறங்கள்.